தொப்பியின் உச்சி

வெள்ளவத்தையில் பின்னேரம் நாலு மணிக்கும் வேர்க்கும். அந்த வேர்வையோடுதான் பக்கத்து வீட்டு மாமி பல்கனியில் இருந்து கம்பளித் தொப்பி பின்னுகிறார், ஸ்காபரோவில் இருக்கும் பேரனுக்கு. பிளேன்ரீயைக் கையில் தந்துவிட்டு, முடித்த தொப்பியைத் தூக்கிக் காட்டினார். “உச்சியைப் பார் பிள்ளை, மூட்டை கட்டின மாதிரி நிக்குது. வடிவா இல்லை.”

மாமி பின்னுவது ஊசியில் அல்ல, வளையத்தில். பிளாஸ்டிக் வட்டம், சுற்றிவர முளைகள், கூடவே ஒரு கொக்கி. முளைகளில் நூலைச் சுற்றி, கீழே கிடக்கும் கண்ணியைக் கொக்கியால் தூக்கி முளைக்குப் பின்னால் விடவேண்டும். முளைக்கு ஒரு கண்ணி. ஒரு பின்னேரத்தில் கைக்கு வந்துவிடும்.

தொப்பி தலையோடு ஒட்டி இருக்க முதலில் அளவு சரிவர வேண்டும். கனடாத் தலையைக் கொழும்பில் வைத்துப் போட்டுப் பார்க்க முடியாதே. வாட்ஸ்அப்பில் கேட்டோம்: 54 சென்ரிமீற்றர். பின்னல் இழுபடும், ஆகவே தலையைவிடத் தொப்பி மூன்று சென்ரிமீற்றராவது சிறிதாக இருக்கவேண்டும். மாமி நூலை இரட்டையாகப் பிடித்துப் பின்னுகிறார். பின்னியதை மேசையில் இழுக்காமல் கிடத்தி எண்ணினோம்: 10 சென்ரிமீற்றருக்கு 7 கண்ணி. 36 முளை வளையம் என்றால் சுற்றளவு 51. சரியான அளவு. 41 முளை வளையத்தில் 58 தாண்டும். கண்ணுக்கு மேலே வந்து விழும். உங்கள் நூலும் கையும் வேறு, அதனால் நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி உச்சி. ஊசியில் பின்னுகிறவர் இரண்டு கண்ணிகளை ஒன்றாக்கிக்கொண்டே போவார். வட்டம் தானாகச் சுருங்கும். வளையத்தில் முளைகள் நகராது. ஒரு கண்ணியை எடுத்துப் பக்கத்து முளையில் போட்டால், வெறுமையான முளையைத் தாண்டி நூல் நீட்டிக்கொண்டு கிடக்கும். அந்த இடத்தில் ஏணிப்படி மாதிரி ஓட்டை விழும். 1589 இல் இங்கிலாந்தின் கல்வெர்ட்டனில் வில்லியம் லீ அமைத்த, காலுறை பின்னும் சட்டத்திலும் கண்ணிக்கு ஒரு கொக்கிதான். ஆனால் அதில் வருவது தட்டையான துணி. அதற்கு ஓரம் உண்டு. ஓரக் கண்ணியை உள்ளே நகர்த்திக் காலின் வடிவத்தை எடுத்துவிடலாம். வட்டத்துக்கு ஏது ஓரம்? அதனால்தான் பலரும் 36 கண்ணிக்குள்ளும் நூலை ஓட்டி ஒரே இழுவையில் மூடிவிடுகிறார்கள். தடித்த நூல் அத்தனை சிறிய இடத்துக்குள் அடங்காது. மாமி சொன்ன மூட்டை அதுதான்.

வழி மாமியின் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. வளையங்கள் செற்றாக வரும். அவருடைய செற்றில் 24, 31, 36, 41. இந்த 36க்கும் 24க்கும் நல்ல பொருத்தம். மூன்று கண்ணியை இரண்டாக்கினால் 36, 24 ஆகிவிடும்!

விளிம்பிலிருந்து 15 சென்ரிமீற்றர் பின்னியதும் நிறுத்துங்கள். வேறு நிற நூலொன்றைத் தையல் ஊசியில் கோத்து எல்லாக் கண்ணிக்குள்ளும் ஓட்டிவிட்டுத் தொப்பியைக் கழற்றுங்கள். அந்த நூல் இருந்தால் ஒரு கண்ணியும் அவிழாது. தொப்பியை 24 முளை வளையத்துக்குள் இறக்கி மாட்டுங்கள்: முதல் முளையில் ஒரு கண்ணி, அடுத்ததில் இரண்டு, பிறகு ஒன்று, பிறகு இரண்டு. இரண்டு இருக்கும் இடத்தில் இரண்டையும் சேர்த்தே தூக்குங்கள். முதல் வரி முடிந்ததும் நிற நூலை உருவிவிடலாம். நாலு வரி போதும்.

மூடுவதையும் இரண்டு சுற்றாகச் செய்யுங்கள். முதற் சுற்றில் ஒன்றுவிட்டு ஒரு கண்ணி, 12. இரண்டாம் சுற்றில் மீதி 12. பிறகு இழுத்தால் உச்சி பரந்து படியும். மாமி இரண்டாவது தொப்பியை இப்படித்தான் முடித்தார். முதலாவதைக்கூட அவிழ்த்துத் திரும்பப் பின்னப்போகிறாராம்.

நீங்களும் அனுப்புவதாக இருந்தால், தூய கம்பளி என்றால் பார்சலுக்குள் ஒரு துண்டு எழுதி வையுங்கள்: சுடுநீரில் தோய்க்கவேண்டாம், உலர்த்தும் மெஷினில் போடவேண்டாம். சுருங்கி இறுகிய கம்பளி பழைய அளவுக்குத் திரும்பாது.