தடித்த எழுத்தும் மெலிந்த எழுத்தும்

நாணயத்தில் எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் லட்சக்கணக்கில் விலை போகும் என்று ஆசை காட்டும் வீடியோக்களுக்கு இன்று பஞ்சமில்லை. பழைய நோட்டு, நாணய விற்பனையில் தன் பெயரைச் சொல்லியே சிலர் கமிஷன் கேட்கிறார்கள், ஏமாறாதீர்கள் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட வேண்டியதாயிற்று. அதற்காகப் பிழை நாணயம் என்பதே கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. அக்கசாலையில் தவறு நடக்கத்தான் செய்கிறது. அது எந்தக் கட்டத்தில் நடந்தது என்பதை உலோகமே காட்டிக்கொடுக்கும் என்பதால், வல்லுநர் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை. இரட்டை எழுத்தானால் முதலில் பார்க்க வேண்டியது, அந்த எழுத்து தடித்திருக்கிறதா, மெலிந்திருக்கிறதா என்பதை.

காரணம் அச்சு தயாராகும் முறையில் இருக்கிறது. உருவம் புடைத்து நிற்கும் எஃகு மூல அச்சை இன்னொரு எஃகுத் துண்டின் மேல் அழுத்துவார்கள். உருவம் குழிந்த அந்தத் துண்டுதான் டை. டை வெற்றுத் தகட்டின் மேல் இறங்கும்போது குழி மறுபடி புடைப்பாகிறது. அமெரிக்க அக்கசாலைகளில் 1990கள் வரை, டை செய்ய ஒரே அழுத்தல் போதவில்லை. முதல் அழுத்தலில் எஃகு இறுகிவிடும். உலையில் காய்ச்சி இளக்கி, மறுபடி அழுத்த வேண்டும். இரண்டாம் முறை டை இம்மி திரும்பி உட்கார்ந்தாலும் அதற்குள் இரண்டு உருவங்கள் பதிந்துவிடும்; இதற்குத்தான் இரட்டை அச்சு என்று பெயர். 1955இல் பிலடெல்பியாவில் ஒரு சென்ட் நாணயத்துக்கு நேர்ந்தது இதுதான். அதில் ஆண்டு எண்ணும் ‘லிபர்ட்டி’ என்ற சொல்லும் வெறுங்கண்ணுக்கே இரண்டிரண்டாகத் தெரிகின்றன. நாணயத்தின் நடுவில் உள்ள லிங்கனின் முகத்தில் அவ்வளவாக இல்லை. திருகல் நடுவை ஒட்டி நடந்ததால் ஓரத்துக்குப் போகப் போக விலகல் கூடுகிறது. தவறு கண்ணில் படுவதற்குள் அவை மற்ற நாணயங்களோடு கலந்துவிட்டன. பொறுக்கியெடுக்க மெனக்கெடாமல் அப்படியே வெளியே விட்டார்கள். வெளிவந்தவை 20,000 முதல் 24,000 வரை என்பது பரவலான கணக்கு. அவற்றில் பல, தானியங்கி எந்திரத்தில் 25 சென்ட் போட்டு 23 சென்ட் சிகரெட் வாங்கியவர்களுக்கு, மீதிச் சில்லறையாகப் பாக்கெட்டின் மேலுறைக்குள்ளேயே வந்து சேர்ந்தன.

அந்த 1955 எழுத்துகளை லென்ஸில் பார்த்தால் இரண்டு உருவமும் நன்றாகப் புடைத்து, முதுகு உருண்டு நிற்கும். கோடு முடியும் மூலைகளில் சின்னப் பிளவு தெரியும். இரண்டையும் சேர்த்து அளந்தால் எழுத்து வழக்கத்தைவிட அகலம். நாணயம் அடிக்கும்போது நேரும் இன்னொரு வகை இரட்டிப்பு, அதாவது எந்திர இரட்டிப்பு, இப்படி இராது. அங்கே டையில் ஒரே உருவம்தான். டை தளர்ந்திருந்து, அடித்த கையோடு துள்ளியோ நழுவியோ, அப்போதுதான் எழும்பிய எழுத்தின் பக்கவாட்டை நசுக்கிவிடுகிறது. நசுங்கிய பகுதி தட்டையாக, பளபளக்கும் படிபோல எழுத்தை ஒட்டிக் கிடக்கும். படிக்கான உலோகம் எழுத்திலிருந்தே வந்ததால் எழுத்து அந்த அளவுக்கு மெலிந்துவிடும்.

இந்த வேறுபாட்டுக்கு 1969இல் சான்பிரான்சிஸ்கோவில் அடித்த சென்ட்டைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அதிலும் உண்மையான இரட்டை அச்சு உண்டு, அபூர்வம். அதே ஆண்டு நாணயங்களில் எந்திர இரட்டிப்பும் ஏராளம். ஆண்டு எண்ணின் கீழே அக்கசாலையைக் குறிக்கும் ‘எஸ்’ இருக்கும். அந்தக் காலத்தில் டை அழுத்தி முடித்த பிறகுதான் அந்த எழுத்தைத் தனியாகக் கையால் கொட்டினார்கள். ஆகவே இரண்டாம் அழுத்தலில் பிசகிய டையில் மற்றதெல்லாம் இரட்டித்தாலும் ‘எஸ்’ ஒற்றையாகவே நிற்கும். அடிக்கும்போது டை துள்ளினால் அதற்கு ‘எஸ்’ என்றும் ஆண்டு என்றும் வேற்றுமை தெரியாது, எல்லாவற்றையும் சேர்த்தே நசுக்கும். ‘எஸ்’ஸும் அதே திசையில் இரட்டித்திருந்தால் ஆசையை அங்கேயே விட்டுவிடலாம்.

எந்திர இரட்டிப்பும் அக்கசாலைக்குள் நடந்த கோளாறுதானே, அதை மட்டும் ஏன் தள்ள வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சேகரிப்பாளர்களிலும் அதை விரும்பி வாங்கும் சிலர் உண்டு. ஆனால் டையில் பதிந்த பிழை அந்த டை அடித்த ஒவ்வொரு நாணயத்திலும் அச்சு மாறாமல் திரும்ப வரும்; ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டு உறுதிசெய்யலாம். துள்ளல் அடிக்கு அடி மாறும், தளர்ந்த எந்திரம் எங்கும் உண்டு. விலையைத் தீர்மானிப்பது சேகரிப்பாளர்களின் ரசனை என்பதை ஒப்புக்கொள்ளலாம்; இரண்டும் வெவ்வேறு என்பதைத் தீர்மானிப்பது ரசனை அல்ல. 1955இலேயே இதற்கு இன்னோர் உதாரணம் உண்டு. டை தேய்ந்து வீங்கியதால் கடைசி 5 மட்டும் மங்கலாக நிழல் தட்டிய சென்ட்டுகளை ‘ஏழைகளின் இரட்டை அச்சு’ என்று பெயர் வைத்து விற்றார்கள். பெயரில்தான் உறவு.

புழக்கத் தேய்மானத்தை அடையாளம் காண்பது இதைவிட எளிது. தேய்மானம் உலோகத்தைக் குறைக்குமே தவிர, புதிதாக எதையும் சேர்க்காது. மேடான இடங்களைத்தான் முதலில் தின்னும். ஓர் எழுத்து மட்டும் காணாமல் போய், அதே உயரத்தில் உள்ள மற்றவை கூர்மையாக இருந்தால், டையின் குழியில் கிரீஸும் அழுக்கும் அடைத்திருக்கலாம். எல்லாம் சேர்ந்து மழுங்கியிருந்தால் அது பல கை மாறிய நாணயம், அவ்வளவே. ஓரம் பிறை வடிவில் வெட்டுப்பட்ட நாணயத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். உண்மையான பிழையானால், அக்கசாலையில் தகடு ஏற்கெனவே குறைப்பட்டுத்தான் டைக்கு அடியில் வருகிறது. அடி விழும்போது உலோகம் வெற்றிடத்தை நோக்கி ஓடுவதால் பக்கத்து எழுத்துகள் இழுபட்டு மங்கும். எதிர்ப்பக்க விளிம்பும் பெரும்பாலும் எழும்பாமல் தாழ்ந்திருக்கும், ஏனென்றால் விளிம்பு தூக்கும் எந்திரத்தில் அந்த இடத்துக்கு எதிரே அழுத்தம் கொடுக்க உலோகம் இல்லை. எழுத்து கூர்மை குறையாமல் வந்து வெட்டில் சட்டென்று நின்றால், தகடு முழுசாகத்தான் அக்கசாலையை விட்டு வந்திருக்கிறது.