பசுவின் ஏப்பத்தில் பறிபோகும் தீவனம்

மாடு வைக்கோலைத் தின்கிறது, பால் தருகிறது. நாள்தோறும் பார்ப்பதால் இது நமக்கு ஒரு வியப்பாகவே தோன்றுவதில்லை. ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு பிடி வைக்கோலை நாம் எவ்வளவுதான் மென்று விழுங்கினாலும், அதிலிருந்து நம் உடலுக்குச் சத்து ஏதும் சேராது. வைக்கோலில் மிகுந்திருப்பது செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள். அதைச் சிதைக்கும் நொதியை நம் உடல் சுரப்பதில்லை.

மாட்டின் உடல் சுரக்கிறதா? அதுவும் சுரப்பதில்லை! பின் எப்படி அது வைக்கோலைப் பாலாகவும் சதையாகவும் மாற்றுகிறது? தன் வயிற்றுக்குள் கோடானுகோடி வேலையாட்களைக் குடிவைத்திருக்கிறது. அவர்கள்தான் வைக்கோலைச் செரிக்கிறார்கள். அந்த வேலைக்கு ஒரு செலவும் உண்டு. மாடு உண்ணும் தீவனத்தின் ஆற்றலில் ஒரு பகுதி, மீத்தேன் என்னும் வாயுவாகி ஏப்பத்தில் வெளியேறிவிடுகிறது. அந்தச் செலவு கூடுவதும் குறைவதும் நாம் போடும் தீவனத்தைப் பொறுத்தது. எப்படி என்று பார்ப்போம்.

நான்கு அறை வயிறு

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உள்ளன. அவற்றுள் முதலாவதும் மிகப் பெரியதும் அசையூண் வயிறு. வளர்ந்த பசுவின் அசையூண் வயிற்றில் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். மாடு அவசரமாக மேய்ந்து விழுங்கும் புல் முதலில் இங்கேதான் சேர்கிறது. பிறகு நிழலில் படுத்துக்கொண்டு, விழுங்கியதைச் சிறிது சிறிதாக வாய்க்குக் கொண்டுவந்து மீண்டும் மெல்கிறது. இதையே அசைபோடுதல் என்கிறோம். ஆடும் எருமையும் இவ்வாறே செய்கின்றன.

அசையூண் வயிறு உண்மையில் ஒரு நொதிப்புத் தொட்டி. அங்கே வெப்பம் எப்போதும் 39 டிகிரி சென்டிகிரேடு அளவில் இருக்கும். பிராணவாயு அநேகமாக இல்லை. இந்த இருண்ட தொட்டியிலிருந்து ஒரு மில்லிலிட்டர் திரவத்தை எடுத்தால், அதில் சுமார் ஆயிரம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றைவிடப் பெரிய ஓரணு உயிர்கள் லட்சக்கணக்கில் நீந்திக்கொண்டிருக்கும். பூஞ்சைகளும் உண்டு. பிராணவாயு பட்டாலே மடியும் இந்த நுண்ணுயிர்களைத் தனித்தனியே வளர்த்து ஆராயும் வழியைக் கண்டு, இத்துறைக்கு அடித்தளமிட்டவர் அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஹங்கேட்.

இந்த நுண்ணுயிர்கள் செல்லுலோஸை முதலில் சர்க்கரையாக உடைக்கின்றன. பிறகு அந்தச் சர்க்கரையை நொதிக்க வைத்து அசெட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் என்ற மூன்று அமிலங்களாக மாற்றுகின்றன. மாட்டின் உடல் இந்த அமிலங்களை உறிஞ்சிக்கொள்கிறது. அதற்குத் தேவையான ஆற்றலில் பெரும்பகுதி இவற்றிலிருந்தே கிடைக்கிறது. வேலை முடிந்த நுண்ணுயிர்களும் வீணாவதில்லை. அவை நான்காம் அறைக்குத் தள்ளப்பட்டுச் செரிக்கப்படுகின்றன. மாட்டுக்கு வேண்டிய புரதத்தில் கணிசமான பங்கு அப்படித்தான் வந்து சேர்கிறது.

வாயு பிறக்கும் விதம்

இனி மீத்தேனுக்கு வருவோம். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முழுவதும் அசெட்டிக் அமிலமாக மாறும்போது கரியமில வாயுவும் நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் மிஞ்சுகின்றன. இந்த ஹைட்ரஜன் அசையூண் வயிற்றில் தேங்கினால் நொதித்தலே தடைப்படும். அதை அப்புறப்படுத்த ஒரு துப்புரவாளர் வேண்டும். அந்த வேலையைச் செய்பவை ஆர்க்கியா என்னும் தொன்மையான நுண்ணுயிர்கள். நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகளையும் ஒரு கரியமில வாயு மூலக்கூறையும் சேர்த்து, ஒரு மீத்தேன் மூலக்கூறையும் நீரையும் அவை உண்டாக்குகின்றன. சாண எரிவாயுக் கலத்தில் நடப்பதும் இதே இனத்து நுண்ணுயிர்களின் வேலைதான். கலத்தில் பிறக்கும் வாயுவை நாம் அடுப்பில் எரிக்கிறோம். மாட்டில் பிறப்பது காற்றில் கலந்துவிடுகிறது.

அது பின்புறமாக வெளியேறுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. மிகப் பெரும்பகுதி வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும், ஏப்பமாகவும் மூச்சாகவுமே வெளிவருகிறது.

புரோப்பியானிக் அமிலத்தின் கதை வேறு. அது உருவாகும்போது ஹைட்ரஜன் மிஞ்சுவதில்லை, மாறாகச் செலவாகிறது. எனவே அசையூண் வயிற்றில் புரோப்பியானிக் அமிலம் கூடினால் மீத்தேன் குறையும். அசெட்டிக் அமிலம் கூடினால் மீத்தேன் கூடும். எது கூடும் என்பதைத் தீர்மானிப்பது தீவனம். நார் மிகுந்த வைக்கோலும் முற்றிய புல்லும் அசெட்டிக் அமிலத்தின் பக்கம் சாய்க்கின்றன. மாவுச்சத்து மிகுந்த தானியம் புரோப்பியானிக் அமிலத்தின் பக்கம் சாய்க்கிறது. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

எவ்வளவு இழப்பு?

ஜெர்மனியில் லைப்சிக் நகரை அடுத்த மோக்கெர்ன் ஆய்வுப் பண்ணையில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே குஸ்டாவ் கூன், ஆஸ்கார் கெல்னர் ஆகியோர் மாடுகளை அடைப்பான அறையில் நிறுத்தி, அவை வெளிவிடும் வாயுக்களை அளந்தனர். தட்பவெப்பத்தைப் பற்றிய கவலை அன்று அவர்களுக்கு இல்லை. தீவனத்தின் ஆற்றல் எங்கெங்கே போகிறது என்று கணக்கிடுவதே நோக்கம். செலவுக் கணக்கில் மீத்தேனுக்கு ஒரு தனி இனம் ஒதுக்க வேண்டியிருப்பதை அவர்கள் கண்டார்கள்.

தீவனத்தின் மொத்த ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் வரை மீத்தேனாகப் போகலாம் என்பது பல்லாண்டு அளவீடுகளின் முடிவு. நார்த்தீவனம் உண்ணும் மாடுகளில் இது பெரும்பாலும் 6, 7 சதவீதம். அமெரிக்காவில் தானியம் ஊட்டிக் கொழுக்க வைக்கும் பண்ணைகளில் சுமார் 3 சதவீதம்.

6 சதவீதம் ஒரு பெரிய தொகையா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வைக்கோலை நம்பி வாழும் சிறிய பசு ஒன்று, நாளொன்றுக்கு 180 லிட்டர் மீத்தேன் வெளிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் மீத்தேன் எரிந்தால் ஏறக்குறைய 9.5 கிலோகலோரி வெப்பம் தரும். ஆக, நாளொன்றுக்குச் சுமார் 1,700 கிலோகலோரி. ஒரு லிட்டர் பசும்பாலில் சுமார் 700 கிலோகலோரி உண்டு. அதாவது, இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட பாலில் அடங்கிய ஆற்றல் நாள்தோறும் ஏப்பத்தில் போகிறது. மீத்தேனை நிறுத்திவிட்டால் அவ்வளவும் பாலாகிவிடும் என்று இதற்குப் பொருளன்று. ஆனால் இழப்பின் அளவு என்ன என்பது இதிலிருந்து புலனாகும்.

வயிறு நிறைந்தும் பட்டினி

வைக்கோலை மட்டும் தின்னும் கன்று ஏன் வளர்வதில்லை? நெல் வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதமே இருக்கிறது. அசையூண் வயிற்று நுண்ணுயிர்கள் சரிவர வேலை செய்யத் தீவனத்தில் ஏறக்குறைய 7 சதவீதம் புரதமாவது வேண்டும். அது கிடைக்காவிட்டால் நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை. வைக்கோல் மெதுவாகவே சிதைகிறது. தொட்டி காலியானால்தானே மாடு மேலும் தின்ன முடியும்? காலியாவதில்லை. வயிறு நிறைந்திருந்தும் கன்று பட்டினி கிடக்கிறது. கிடைக்கும் சிறிதளவு ஆற்றலும் உயிரைத் தாங்குவதற்கே செலவாகிவிடுகிறது.

ஏப்பம் மட்டும் நிற்பதில்லை. நன்கு ஊட்டப்பட்ட கலப்பினக் கிடாரி இரண்டரை, மூன்று வயதில் முதல் கன்றை ஈனும். ஊட்டம் குறைந்தது நான்கு வயதானாலும் ஈனாமல் நிற்கும். அந்தக் கூடுதல் காலம் முழுவதும் தீவனச் செலவு உண்டு, மீத்தேன் உண்டு, பால் இல்லை.

இப்போது அதே வைக்கோலோடு பசும்புல், அகத்தி அல்லது வேலிமசால் போன்ற பயறுவகைத் தழை, சிறிது பிண்ணாக்கு, தவிடு, தாது உப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். நுண்ணுயிர்களுக்கு வேண்டிய புரதம் கிடைக்கிறது. வைக்கோல் விரைவாகச் செரிக்கிறது. மாடு கூடுதலாகத் தின்கிறது. நம் கணக்கில் வந்த பசு 3 லிட்டருக்குப் பதிலாக 8 லிட்டர் கறக்கிறது என்று கொள்வோம். அது வெளிவிடும் மீத்தேன் 180 லிட்டரிலிருந்து 250 லிட்டராகக் கூடும். கூடிவிட்டதே என்று திகைக்க வேண்டாம். முன்பு ஒரு லிட்டர் பாலுக்கு 60 லிட்டர் மீத்தேன். இப்போது 31 லிட்டர்தான். ஏறக்குறைய பாதி!

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் பல மாநிலங்களில் கறவை மாடுகளுக்குச் சமச்சீர் தீவனம் வகுத்துக் கொடுத்தது. அப்போது ஒரு கிலோ பாலுக்கு வெளிப்படும் மீத்தேன் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தது. தீவனச் செலவும் குறைந்தது.

வைக்கோலையே சத்தூட்டும் முறையும் ஒன்று உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துச் சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைப்பார்கள். யூரியாவிலிருந்து பிறக்கும் அம்மோனியா நாரை இளக்கி, தழைச்சத்தையும் சேர்க்கிறது. ஆனால் யூரியா அளவு மீறினால் மாட்டைக் கொன்றுவிடும். கால்நடை மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இதைக் கொடுக்கவே கூடாது.

தானியமே ஊட்டினால் என்ன?

மாவுச்சத்து மீத்தேனைக் குறைக்கும் என்றால், மாட்டுக்குச் சோளமும் மக்காச்சோளமும் நிறையக் கொடுத்துவிடலாமே? அமெரிக்கக் கொழுப்பிப் பண்ணைகள் அதைத்தான் செய்கின்றன. அங்கே காளைகள் நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ எடை கூடுகின்றன. ஆயினும் இதில் மூன்று சிக்கல்கள் உள்ளன. திடீரென்று தானியத்தை மிகுதியாக உண்ட மாட்டின் அசையூண் வயிற்றில் அமிலம் பெருகி, உயிருக்கே ஆபத்து நேரலாம். நார் குறைந்தால் பாலில் கொழுப்பும் குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதன் உண்ணத்தக்க தானியம் மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. நாம் உண்ண முடியாததை உணவாக்கித் தருவதல்லவா மாட்டின் பெருமை!

காற்றுக்கு என்ன கேடு?

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் நூறு கோடி பங்குக்குச் சுமார் 700 பங்காக இருந்த மீத்தேன், இன்று 1,900 பங்கைத் தாண்டிவிட்டது. எடைக்கு எடை பார்த்தால், நூறாண்டுக் கால அளவில் அது கரியமில வாயுவைப் போல 27 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்குகிறது. ஆனால் காற்றில் அது சுமார் 12 ஆண்டுகளே நிலைக்கிறது. எனவே இன்று குறைத்தால் பலனை விரைவிலேயே காணலாம். நிலக்கரிச் சுரங்கங்கள், எண்ணெய்க் கிணறுகள், நெல் வயல்கள், குப்பைமேடுகள் ஆகியவையும் மீத்தேனை வெளிவிடுகின்றன. மனிதச் செயல்களால் வருவதில் ஏறக்குறைய கால் பங்கு அசைபோடும் கால்நடைகளுடையது.

2021இல் கிளாஸ்கோ மாநாட்டில், 2030க்குள் உலக மீத்தேன் வெளியீட்டை 30 சதவீதம் குறைப்பதாக நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் உறுதி கூறின. இந்தியா அதில் சேரவில்லை. காரணம் விளங்கக்கூடியதே. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 19 கோடிக்கு மேற்பட்ட மாடுகளும் ஏறக்குறைய 11 கோடி எருமைகளும் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஓரிரு மாடு வைத்துப் பிழைக்கும் எளிய குடும்பங்களுடையவை.

புதிய மருந்துகள்

ஆர்க்கியாவின் வேலையை நேரடியாகத் தடுக்கவும் வழி தேடுகிறார்கள். அஸ்பராகாப்சிஸ் என்ற செந்நிறக் கடற்பாசியில் உள்ள புரோமோஃபார்ம் என்னும் பொருள் மீத்தேன் உண்டாவதைத் தடுக்கிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 21 இளங்காளைகளுக்கு 21 வாரம் இதைச் சிறிதளவு ஊட்டினார்கள். மீத்தேன் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2021இல் அறிவித்தார்கள். 3-நைட்ராக்சிபுரோப்பனால் என்ற செயற்கைப் பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் பால் மாடுகளுக்கு அனுமதித்தது. இது சுமார் 30 சதவீதம் குறைக்கிறது. பெங்களூரிலுள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து நிலையம், துவர்ப்புச் சத்து மிகுந்த தாவரப் பொருள்களைக் கொண்டு 'ஹரித் தாரா' என்ற தீவனக் கலவையைத் தயாரித்துள்ளது.

இவற்றை நாள்தோறும் தர வேண்டும். நிறுத்தினால் மீத்தேன் திரும்பிவிடும். பகலெல்லாம் வெளியில் மேயும் மாட்டுக்கு இது எளிதன்று. மேலும், பால் கூடாமல் மீத்தேன் மட்டும் குறையுமானால், மருந்துக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வியும் எழுகிறது.

நாம் கொள்ள வேண்டியது

சமச்சீர் தீவனத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அதில் விவசாயியின் ஆதாயமும் காற்றின் நலமும் ஒன்றாகவே வருகின்றன. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஒவ்வொரு மாடும் கூடுதலாகக் கறக்க, மாடுகளின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போனால், நாட்டின் மொத்த மீத்தேன் குறையாது. வேண்டிய பாலைக் குறைந்த மாடுகளிடமிருந்து பெறும்போதுதான் மொத்தமும் குறையும். அதற்குத் தீவனத்தோடு நல்ல இனமும் நோய்த்தடுப்பும் காலத்தே சினைப்படுத்தலும் சேர வேண்டும்.

ஆயினும் தொடக்கம் தீவனத் தொட்டிதான். வைக்கோல் போரின் பக்கத்தில் இரண்டு அகத்தியும் ஒரு பாத்தி வேலிமசாலும் வளர்க்கும் குடும்பம், தன் கன்றுக்கு ஓராண்டு வளர்ச்சியை மிச்சப்படுத்திக் கொடுக்கிறது. அந்த ஓராண்டு ஏப்பத்தையும் காற்றில் சேராமல் தடுக்கிறது.