சிஐபி2

சிஐபி2 எனச் சுருக்கமாக அழைக்கப்படும் கால்சியம்-இன்டெகிரின் பிணைப்புப் புரதம் 2, மனித உடலில் உள்ள ஒரு சிறு புரதம் ஆகும். 187 அமினோ அமிலங்களால் ஆன இப்புரதத்தை, 15ஆம் நிறப்புரியின் நீண்ட கையில் அமைந்துள்ள இதே பெயர் கொண்ட மரபணு குறியாக்கம் செய்கிறது. செவி ஒலியை உணர்வதற்கு இது இன்றியமையாதது.

அமைப்பு

இப்புரதத்தில் 'ஈஎஃப் கை' எனப்படும் மடிப்புகள் உள்ளன. இரு சுருள்களும் அவற்றை இணைக்கும் வளையமும் கொண்ட இம்மடிப்பு, பொதுவாகக் கால்சியம் அயனியைப் பற்றக்கூடியது. கால்மோடுலின், ட்ரோபோனின் சி ஆகிய புரதங்களிலும் இதைக் காணலாம். எனினும், உயிரணுவினுள் வழக்கமாக உள்ள செறிவுகளில் சிஐபி2 கால்சியத்தைவிட மக்னீசியத்துடனேயே பெரிதும் பிணைகிறது என 2018இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

செவியில் இதன் பணி

உட்செவியிலுள்ள மயிரணுக்களின் உச்சியில் நுண்மயிர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலி அதிர்வால் இவை சாயும்போது அயனித் தடங்கள் திறந்து, மின்சைகை உண்டாகிறது. இத்தடங்களைச் சேர்ந்த டிஎம்சி1, டிஎம்சி2 புரதங்களுடன் சிஐபி2 இணைவது 2017இல் கண்டறியப்பட்டது. சிஐபி2 இல்லாத எலிகளில் இத்தடங்கள் இயங்குவதில்லை. அவற்றுக்குக் காது கேட்பதில்லை.

காது கேளாமை

இம்மரபணுவின் பிறழ்வுகளால் டிஎஃப்என்பி48 எனப்படும் காது கேளாமை தோன்றுகிறது. பாகிஸ்தான் குடும்பங்களை ஆராய்ந்தோர் 2005இல் இதன் நிறப்புரி இடத்தையும், 2012இல் மரபணுவையும் கண்டறிந்தனர். அங்கு மிகுதியாகக் காணப்படும் பிறழ்வில், 91ஆம் இடத்திலுள்ள ஃபீனைல்அலனினுக்குப் பதிலாகச் செரீன் அமைகிறது. பார்வையையும் பாதிக்கும் அஷர் நோய்க்கூட்டறிகுறிக்கும் இம்மரபணு காரணம் என முதலில் கருதப்பட்டது. 2018இல் வெளியான ஆய்வு இதனை மறுத்தது.

மரபுவழி

இது ஒடுங்கு பண்பாகும். ஒரு படி மட்டும் பழுதுற்றவருக்குக் காது நன்கு கேட்கும். தாய், தந்தை இருவரும் அத்தகையோராயின், ஒவ்வொரு குழந்தைக்கும் காது கேளாமை ஏற்படும் வாய்ப்பு 25 விழுக்காடு. பேறுகாலத்தில் தாய் உண்ட உணவோ செய்த வேலையோ இதற்குக் காரணம் அன்று.

மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் போன்ற நெருங்கிய உறவில் மணம் புரிவோர் ஒரே முன்னோரிடமிருந்து ஒரே பிறழ்வைப் பெற்றிருக்கும் வாய்ப்பு அதிகம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டவை உறவுத் திருமணங்கள். ஆகவே, இவ்வகை ஒடுங்கு மரபணுக்களைப் பற்றிய அறிவு இங்குக் குறிப்பிடத்தக்கது. இந்தியாவில் பிறவிக் காது கேளாமையுடன் மிகுதியாகத் தொடர்புபடுத்தப்படும் மரபணு ஜிஜேபி2 ஆகும். அதுவும் இவ்வாறே கடத்தப்படுகிறது.

சிகிச்சை

பழுதுற்ற மரபணுவைச் சீராக்கும் சிகிச்சை சிஐபி2-க்கு நடைமுறையில் இல்லை. காக்ளியர் கருவி, மயிரணுக்களைத் தவிர்த்துச் செவி நரம்பை நேரடியாகத் தூண்டுகிறது. மொழி கற்கும் இளம் வயதிலேயே பொருத்தினால் பயன் மிகும் என்பதால், பிறந்தவுடன் செய்யப்படும் செவித்திறன் சோதனை முதன்மையானது.