சுவருக்குள் ஒளிந்திருக்கும் ஈரம்
பிரிட்டனில் கார்களுக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவன்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பழைய கேரவனின் முதல் எதிரி துரு அன்று, மழைநீர்தான். பெரும்பாலானவற்றில் வெளியே அலுமினியத் தகடு, உள்ளே மரச்சட்டம். தகடுகள் சேரும் இடத்தில் பூசிய பசை நாளடைவில் இறுகி வெடிக்கும். அந்த மயிரிழை விரிசல் வழியே நீர் கசிந்து மரத்தை ஊறவைக்கும். உட்சுவரோ பளிச்சென்றே இருக்கும்!

பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? ஈரமானியின் இரண்டு ஊசிகளைச் சுவரில் அழுத்துவார்கள். உலர்ந்த மரம் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஈரம் ஏற ஏற அதன் மின்தடை குறையும். அதைக் கொண்டு கருவி ஈரத்தின் அளவைக் காட்டும். 20 விழுக்காட்டைத் தாண்டினால் மரத்தை மட்கவைக்கும் பூஞ்சை வளர வாய்ப்புண்டு.

கசிவை அடைக்காமல் உட்பலகையை மட்டும் மாற்றுவது வீண்செலவு. முதலில் பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதிது பூச வேண்டும். சட்டத்தை உலரவிட்டு, மட்கிய பகுதிக்கு நல்ல மரம் பொருத்திய பிறகுதான் பலகை.