பிள்ளை பெயரில் சேமிப்பு: வரி விலக்கு யாருக்கு உதவும்?

பிள்ளைக்கு வரியில்லாத கணக்கு எது? லெம்பா பெர்த்தாம், ரிங்லெட் வட்டாரத் தோட்டக் குடும்பங்களுக்கு எழக்கூடிய சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும்:

நான் கொழுந்து பறிக்கிறேன். சம்பளம் 1,700 ரிங்கிட். பிள்ளைக்கு எஸ்.எஸ்.பி.என். (தேசியக் கல்விச் சேமிப்புத் திட்டம்) போட்டால் வரி குறையுமா?

குறைப்பதற்கு உங்களுக்கு வரியே இல்லை. 1,700 ரிங்கிட் என்பது 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம்; ஆண்டுக்கு 20,400 ஆகிறது. சேமநிதி போக ஆண்டு வருமானம் 37,333 ரிங்கிட்டைத் தாண்டாதவரை பொதுவாக வருமான வரி கிடையாது. எனவே போட்ட பணம் பத்திரமாக இருக்குமா, படிப்புச் செலவு வரும்போது கைக்குக் கிடைக்குமா என்று பாருங்கள்.

என் கணவர் வரி கட்டுகிறார். அவர் போட்டால்?

அவருக்குப் பலன் உண்டு. எஸ்.எஸ்.பி.என். நிகரச் சேமிப்புக்கு ஆண்டுக்கு 8,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. இது 2027 மதிப்பீட்டு ஆண்டு வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. 6 விழுக்காட்டு வரிப் படியில் இருப்பவர் 3,000 ரிங்கிட் போட்டால் 180 ரிங்கிட் மிச்சம். அதே ஆண்டில் 1,000 ரிங்கிட்டை எடுத்துவிட்டால் 2,000 ரிங்கிட்டுக்குத்தான் கழிவு கேட்கலாம். போன ஆண்டு இருப்பு இந்த ஆண்டுக் கணக்கில் சேராது.

எஸ்.எஸ்.பி.என். லாப ஈவுக்கு வரி இல்லை. ஆனால் தனிநபரின் வங்கிச் சேமிப்பு வட்டிக்கும் வரி இல்லை. வரியில்லை என்ற ஒரே காரணத்துக்காக எந்தக் கணக்கையும் திறக்க வேண்டியதில்லை.

ஏ.எஸ்.பி.யில் (அமானா சஹாம் பூமிபுத்ரா) நம் பிள்ளை சேர முடியுமா?

முடியாது, அது பூமிபுத்ராக்களுக்கு உரியது. அமானா சஹாம் மலேசியா 3 எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு. 2009இல் அமானா சஹாம் 1மலேசியா என்ற பெயரில் தொடங்கியபோது இந்தியர்களுக்கு 15 விழுக்காடு ஒதுக்கினார்கள். யூனிட் விலை எப்போதும் 1 ரிங்கிட். லாப ஈவு ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒதுக்கீடு தீர்ந்துவிட்டால் யூனிட் கிடைக்காது. பிள்ளைக்கு 18 வயதானதும் அது பெரியவர் கணக்காக மாற வேண்டும்.

மைக்காவில் அப்பா போட்ட பணம் போச்சு. எஸ்.எஸ்.பி.என். பணமும் அப்படித்தானா?

பயம் நியாயமானது. 1980களில் 66,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் மைக்கா ஹோல்டிங்ஸில் சுமார் 10 கோடியே 60 லட்சம் ரிங்கிட் போட்டார்கள். நகையை அடகு வைத்துப் போட்டவர்களும் உண்டு. 2010இல் ஒரு ரிங்கிட் பங்குக்கு 80 காசு தர ஒருவர் முன்வந்தார். மைக்கா ஒரு நிறுவனப் பங்கு. அதற்கு உத்தரவாதம் கிடையாது. எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக்கு அரசாங்கம் உத்தரவாதம் தருகிறது. 20 ரிங்கிட்டில் எஸ்.எஸ்.பி.என். பிரைம் கணக்கைத் தொடங்கலாம்.

பிறகு கடன் எடுத்துக்கொள்ளலாமே, இப்போது எதற்குச் சேமிப்பு?

பி.டி.பி.டி.என். கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கவே எஸ்.எஸ்.பி.என். கணக்கு வேண்டும். எப்படியும் திறக்கப் போகும் கணக்கை இன்றே திறந்தால், பிறகு வாங்கும் கடனாவது குறையும்.

பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை இல்லை. என்ன செய்வது?

எஸ்.எஸ்.பி.என்., அமானா சஹாம் மலேசியா 3 ஆகிய இரண்டு திட்டங்களும் மலேசியக் குடிமக்களுக்குத்தான். முதல் வேலையாகத் தேசியப் பதிவுத் துறைக்குப் போய்க் குடியுரிமைப் பத்திரத்துக்கு வழி கேளுங்கள். பள்ளி, பரீட்சை, வேலை என்று பிள்ளைக்கு எல்லா இடத்திலும் தேவைப்படும் காகிதம் அது. கணக்கைப் பிறகு திறந்தாலும் போதும்.