ஆவிப் பாடலில் மூவிடமும் ஏகாரமும்

பழைய இந்தித் திரைப்படங்களில் ஆவிப் பாடல் தனியொரு வகையாகும். 'மஹல்' (1949) அதற்கு வழிவகுத்தது. முதலில் குரல் கேட்கும். உருவம் பின்னரே தோன்றும். ராஜ் கோஸ்லாவின் 'வோ கௌன் தீ' (1964) அம்மரபில் வந்தது. அப்படம் 1966இல் 'யார் நீ?' எனத் தமிழில் எடுக்கப்பட்டது. மதன் மோகன் இசையில் லதா மங்கேஷ்கர் பாடிய மெட்டிலேயே கண்ணதாசனின் வரிகளைப் பி. சுசீலா பாடினார்.

மெட்டு மாறவில்லை, இலக்கண இடம் மாறியது. இந்தித் தலைப்பு படர்க்கையில் அவள் யாரென வினவ, தமிழ்த் தலைப்பு முன்னிலையில் வினவுகிறது. இந்திப் பாடல் கண்ணீர் மழையில் தொடங்குகிறது. தமிழ்ப் பாடலோ 'நானே வருவேன்' எனத் தன்மையில் விடையிறுக்கிறது. தொல்காப்பியம் ஏகாரத்திற்குக் கூறும் ஐம்பொருளுள் தேற்றமும் பிரிநிலையும் இங்கு ஒருங்கே பொருந்துகின்றன. வருவது உறுதி, வருபவர் பிறரல்லர். எனினும் அந்த 'நான்' யாரென்பது விளங்கவில்லை. தன்மைப் பெயர் பேசுவோரைச் சுட்டுமேயன்றி அடையாளம் காட்டாது. அச்சம் பிறப்பது இவ்விடைவெளியிலேயே.

இறுதியில் வெளிப்படுவது ஆவியன்று, மனிதச் சூழ்ச்சியே. ஏகாரத்தின் வகைகளை மனப்பாடம் செய்யும் நம் மாணவர் அதன் ஆற்றலைச் செவியால் உணர்வதற்கு இப்பாடல் ஒன்றே போதும்.