கப்பலேறுமுன் ஒரு நாள்

திண்டுக்கல் சீமையிலே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் என்றதும் கிணறுதான் ஞாபகத்துக்கு வரும். குடகனாறு என்றைக்காவது இரு கரையும் தொட்டு ஓடினால் அது ஊர் முழுவதும் பேசப்படும் விசேஷச் செய்தியாகிவிடும். மலைக்கோட்டையின் உச்சியில் ஏறி நின்று பார்த்தாலும் வறண்ட சமவெளியும் சிறுமலைத் தொடரும் தெரியுமேயன்றி, கடல் இருக்கும் திசைகூட நமக்குப் புலப்படாது. இத்தகைய ஊர்க்காரர்கள் கப்பலேறப் புறப்பட்டால் எப்படிப் புறப்படுவார்கள்? பஸ் பிடிக்கப் போவது போலத்தான் புறப்படுவார்கள். வீட்டுக்குத் திண்டுக்கல் பூட்டு ஒன்றைப் போட்டு, அதை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, கப்பல் நகரும் சமயத்தில் துறைமுகத்தில் போய் மூச்சிரைக்க நிற்பார்கள்.

அப்படிச் செய்ய வேண்டாம். ஒரு நாள் முந்தியே போய்விடுங்கள் என்று சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். கப்பலைத் தவறவிடாமல் இருப்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கடலைத் தாண்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை, கப்பலில் உட்கார்ந்திருக்கும் நாலு மணி நேரத்தைக் காட்டிலும் துறைமுகப் பட்டினத்தில் கழிக்கும் ஒரு பகற்பொழுது நன்றாகக் கற்பித்துவிடுகிறது.

நான் சொல்வது நாகப்பட்டினத்தை. இங்கிருந்து யாழ்ப்பாணக் கரையிலுள்ள காங்கேசன்துறைக்குப் பிரயாணிகள் கப்பல் 2023-ஆம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதி தொடங்கப்பட்டது. 'செரியபாணி' என்ற அந்தக் கப்பல் ஒரு வாரம் ஓடிற்று. வடகிழக்குப் பருவமழை வரும் காலமாகையால் நின்றுவிட்டது. 2024 ஆகஸ்டு 16-ந் தேதி 'சிவகங்கை' என்ற கப்பல் வந்தது. அதுவும் அவ்வருஷக் கடைசியில் மழைக்காக நின்று, 2025 பிப்ரவரியில் மறுபடி புறப்பட்டது. இடைப்பட்ட கடல் சுமார் 60 கடல் மைல். 150 பேர் உட்காரக்கூடிய கப்பலில் ஏறக்குறைய நான்கு மணி நேரப் பிரயாணம். 2025 கோடை விடுமுறையில் நான் போனபோது கப்பல் காலையில் புறப்பட்டது. திண்டுக்கல்லிலிருந்து திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர் வழியாக நாகைக்கு 140 மைல் இருக்கும். ஆகவே முதல் நாளே போய்ச் சேருவதைத் தவிர நம்மவர்களுக்கு வேறு வழியில்லை. அந்த முதல் நாளை விடுதி அறையில் படுத்துக் கழிக்காமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

காலையில் காயாரோகணேசுவரர் கோயிலுக்குப் போகலாம். மூவர் தேவாரமும் பெற்ற ஸ்தலம். சப்த விடங்கத் தலங்களில் ஒன்று. அம்பிகை நீலாயதாக்ஷியின் பெயர் முத்துஸ்வாமி தீக்ஷிதருடைய கீர்த்தனத்தால் சங்கீத ரசிகர்களுக்கெல்லாம் தெரிந்தது. சற்றுத் தூரத்தில் திருமங்கையாழ்வார் பாடிய சௌந்தரராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. இரண்டையும் தரிசித்துவிட்டு வெளியே வந்தபின், இப்போது இல்லாத மூன்றாவது கோயில் ஒன்றையும் மனத்தினால் தரிசிக்க வேண்டும்.

கடாரத்தை ஆண்ட ஸ்ரீவிஜய மன்னன் ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் இவ்வூரில் ஒரு பௌத்த விஹாரம் கட்டுவித்தான். சைவப் பேரரசனான ராஜராஜ சோழன் அந்த விஹாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற கிராமத்தை மானியமாக விட்டான். இது நடந்தது 1006-ஆம் வருஷ வாக்கில். இந்தத் தானத்தைக் கூறும் 21 செப்பேடுகளும் ஹாலந்து தேசத்து லெய்டன் சர்வகலாசாலைக்குப் போய்ச் சேர்ந்ததால், 'லெய்டன் செப்பேடுகள்' என்றே சரித்திரத்தில் பெயர் பெற்றன. அந்த மானியத்தைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்த ராஜேந்திரனே 1025-ல் கடாரத்தின் மேல் கப்பற்படையைச் செலுத்தினான் என்பதையும் சொல்ல வேண்டும். கடல் வழியாக நட்பும் போயிற்று, சண்டையும் போயிற்று.

விஹாரத்தைச் சேர்ந்ததென்று கருதப்பட்ட கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நின்றுகொண்டிருந்தது. ஐரோப்பிய மாலுமிகள் அதைச் 'சீனக் கோபுரம்' என்று அழைத்து, கரையைக் கண்டுகொள்ள அடையாளமாக வைத்திருந்தார்கள். 1867-ல் அது இடிக்கப்பட்டது. அந்த வட்டாரத்தில் 1856 முதற்கொண்டு பூமியிலிருந்து கிடைத்த பௌத்த வெண்கல விக்கிரகங்கள் ஏறக்குறைய 350. அவற்றில் பலவற்றைச் சென்னை எழும்பூர் மியூஸியத்தில் பார்க்கலாம். நம் பக்கத்துப் பட்டதாரிகள் பலர் வாசித்த திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியும் 1844-ல் இந்த நாகப்பட்டினத்தில் தோன்றி, 1883-ல்தான் திருச்சிக்குப் போயிற்று.

போர்த்துகீசியரிடமிருந்து 1658-ல் டச்சுக்காரர் இந்தத் துறையைப் பறித்தார்கள். 1781-ல் ஆங்கிலேயர் அவர்களிடமிருந்து பறித்தார்கள். பறித்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். கடுவையாற்றின் முகத்துவாரமும் மீனவர்களும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வெயில் தாழ்ந்ததும் அந்த மீனவர்களிடம் போகலாம். அறுபத்துமூவரில் ஒருவரான அதிபத்த நாயனார் இவ்வூர் நுளைப்பாடியைச் சேர்ந்த பரதவர். வலையில் அகப்படும் முதல் மீனைச் சிவபெருமானுக்கென்று கடலிலே விட்டுவிடுவது அவருடைய விரதம். பல நாள் ஒரே ஒரு மீன் கிடைத்தபோதும், கடைசியில் அந்த ஒரே மீன் பொன்மீனாக வந்தபோதும், குடும்பத்தின் பசியைப் பாராமல் விட்டுவிட்டார். ஆவணி மாதத்தில் இந்த நிகழ்ச்சியைக் கடற்கரையிலேயே விழாவாக நடத்துகிறார்கள். கடலிலிருந்து எடுப்பவன் கடலுக்குக் கொஞ்சம் கொடுக்கவும் வேண்டும் என்பது படகுக்காரனுடைய தர்மம்.

ஆனால் கடல் எப்போதும் கணக்குப் பார்த்து எடுப்பதில்லை. 2004 டிசம்பர் 26-ந் தேதி காலையில் வந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் கொண்டுபோயிற்று. தமிழ்நாட்டில் வேறெந்த ஜில்லாவிலும் இவ்வளவு உயிர்ச்சேதம் இல்லை. துறைமுகத்துக்கு அருகிலுள்ள கீச்சாங்குப்பமும் அக்கரைப்பேட்டையும் அன்று பட்ட பாடு பெரியது. இன்று அங்கே வலை பின்னுகிறவர்களையும், ஐஸ் கட்டிகளை உடைத்துப் பெட்டியில் நிரப்புகிறவர்களையும் பார்க்கும்போது, மறுநாள் உல்லாசமாகக் கடலைத் தாண்டப் போகிற நமக்குச் சற்று அடக்கம் உண்டாகும்.

சாயங்காலம் வடக்கே நாகூருக்குப் போகலாம். ஷாகுல் ஹமீது ஆண்டகையின் தர்காவில் ஐந்து மனோராக்கள் நிற்கின்றன. அவற்றுள் உயரமானது 131 அடி; கட்டுவித்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிம்மர். நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலை ஆண்டகை இங்கிருந்தபடியே காப்பாற்றினார் என்பது ஐதிகம். தெற்கே வேளாங்கண்ணியிலும் புயலில் அகப்பட்டுக் கரை சேர்ந்த போர்த்துகீசிய மாலுமிகளின் கதையைச் சொல்லுகிறார்கள். கடலுக்குப் போனவர் திரும்ப வேண்டுமே என்ற கவலை எல்லா மதத்தாருக்கும் பொது. அக்கவலையோடு சென்ற தமிழ் முஸ்லிம் வர்த்தகர்கள் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நாகூர் ஆண்டகையின் பெயரால் தர்காக்கள் எழுப்பினார்கள். சிங்கப்பூரில் உள்ளது 1830-ல் முடிந்தது. 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்ற நீராவிக் கப்பல் சென்னையையும் நாகையையும் தொட்டு, 1973 வரையில் ஆயிரமாயிரம் தமிழர்களை மலாய் நாட்டுக்கு ஏற்றிச் சென்றது. மேல்தட்டில் பாயை விரித்து, பக்கத்தில் கூஜாவை வைத்துக்கொண்டு போனவர்கள் அவர்கள்.

நாகூரிலிருந்து திரும்பிய பிறகு, கடற்கரைக்கருகில் ஒரு டீக்கடைப் பெஞ்சியில் யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். மறுநாள் கப்பலில் ஊர் திரும்புகிறவர்.

"கோயிலுக்கு வந்தீர்களா, அம்மா?" என்று கேட்டேன்.

"கோயிலுக்கும்தான், தம்பி. என்ர தங்கச்சியைப் பார்க்க வந்தனான். எண்பத்திநாலில இரவோட இரவா வள்ளத்தில இங்க வந்தவள். முகாமிலதான் இருக்கிறாள்."

"அவரும் உங்களோடு ஒரு முறை ஊருக்கு வந்து போகலாமே?"

"அவளுக்கு எங்க பாஸ்போட்? நாலு மணித்தியாலம்தான் எண்டு சொல்லினம். எங்களுக்கு நாப்பது வரியம்."

அதற்கு மேல் எனக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில் இலங்கைத் தமிழர்களின் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் 321 வீடுகள் அங்கே புதிதாகக் கட்டிக் கொடுக்கப்பட்டன. 1983-க்குப் பிறகு இந்தக் கடலைப் படகில் தாண்டி வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் நம் பக்கத்து ஊரிலேயே வாழ்கிறார்கள். கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் சமவெளிக்காரர்கள் அதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரவில் செய்ய வேண்டிய காரியங்கள் கொஞ்சமே. பாஸ்போர்ட்டையும் இலங்கை அரசாங்கத்தின் அனுமதியையும் டிக்கெட்டையும் ஒரே பையில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் புறப்படும் நேரத்தை மறுபடி விசாரித்துக்கொள்ளுங்கள். கடலும் காற்றும் நம்முடைய கால அட்டவணைக்குக் கட்டுப்பட்டவை அல்ல. இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிட வேண்டாம். எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருந்தால் தலைச்சுற்றலுக்கு நல்லது. சுங்கச் சோதனைக்கும் பாஸ்போர்ட் சோதனைக்கும் போதிய அவகாசம் வைத்துக்கொண்டு போய்விடுங்கள்.

இன்னுமொரு விஷயம். இந்தக் கடலில் பிரயாணிகள் கப்பல்கள் தோன்றித் தோன்றி மறைந்திருக்கின்றன. தனுஷ்கோடித் துறையை 1964 டிசம்பர் புயல் அழித்தது. பின்பு ராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குப் போன கப்பலை உள்நாட்டுப் போர் நிறுத்திற்று. 2011-ல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் தொடங்கிய கப்பல் சில மாதங்களில் நின்றுபோயிற்று. இவற்றுக்கெல்லாம் முன்னால், அதே தூத்துக்குடி-கொழும்பு மார்க்கத்தில், வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தார். பத்து லக்ஷ ரூபாய் மூலதனம். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. 1908-ல் பிள்ளையவர்கள் சிறை புகுந்தார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பலை வாங்குவதற்குப் பணம் கொடுத்தவர்கள் உண்டு. கட்டணம் கொடுத்து விடாமல் ஏறியவர்கள் போதவில்லை.

இன்று நம்மை அடக்க அந்நிய அரசாங்கம் இல்லை. இலவசம் காட்டி இழுக்கும் போட்டிக் கம்பெனியும் இல்லை. புதுமைக்காக ஒரு முறை ஏறிப் படம் பிடித்துக்கொள்ளும் கூட்டத்தை நம்பி ஒரு கப்பல் பல வருஷம் ஓடாது. உறவினரைப் பார்க்கவும், கோயில் குளம் தரிசிக்கவும், வியாபாரம் செய்யவும், பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லவும் ஜனங்கள் அதை ரயிலைப்போல் உபயோகித்தால்தான் மழைக்கு நின்ற கப்பல் மழை விட்டதும் திரும்பி வரும். அடுத்த விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் யோசனை நடக்கும்போது, கொடைக்கானலோடு நாகப்பட்டினத்தின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறக்காமல் ஒரு நாள் முந்தியே போய்விடுங்கள்.